விசுவாசிகளின் பிள்ளைகள்: யூத சிந்தனையில் முன்னோரின் ஈமானும் மீட்பின் எதிர்பார்ப்பும்

கண்டிக்குப் பக்கத்தில் எங்கட ஊர்ப் பள்ளிவாசலில் ரமழான் காலத்தில் அஸருக்குப் பிறகு சின்னதாய் ஒரு தப்ஸீர் வகுப்பு நடக்கும். போன முறை சூறா தாஹா ஓதிக்கொண்டு வரும்போது, மூஸா (அலை) அவர்கள் கையை விலாப்புறம் வைத்து எடுக்க, அது வெண்மையாய் ஒளிவிடும் இடம் வந்தது. அந்த வெண்மையில் கேடு ஏதும் இல்லை என்று குர்ஆன் அங்கே தனியாக ஒரு சொல் சேர்க்கிறது. ஏ.எல். படிக்கிற ஒரு பொடியன் கேட்டான்: "கை வெள்ளையாகினா அதில என்ன கேடு ஹஸ்ரத்? ஏன் அதைத் தனியாச் சொல்லணும்?"

ஹஸ்ரத் சொன்னார்: "யூதர்ட தௌராத்தில அந்த இடத்தில குஷ்டம் என்டு இருக்கு மகன். அந்தக் கறையைத்தான் குர்ஆன் துடைச்சி எடுக்குது."

பதில் சரிதான். கேடு என்பதற்கு வெண்குஷ்டம் என்றே நம் முபஸ்ஸிர்கள் பலரும் பொருள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு வேறொரு கேள்வி வந்தது. தங்கள் வேதத்தில் அப்படி இருப்பதை யூத ஆலிம்கள் எப்படி விளங்கிக்கொண்டார்கள்? தேடிப் பார்த்தால், அவர்களுடைய மீட்பு நம்பிக்கை முழுவதற்கும் ஒரு திறப்பு அந்தக் கையிலேயே இருக்கிறது.

ஈராக்கில் 6ஆம் நூற்றாண்டளவில் வடிவம் பெற்றது பாபிலோனிய தல்மூத். அதன் 'ஷப்பாத்' என்ற பகுதியில் விளக்கம் இப்படிப் போகிறது. பிர்அவ்னிடமிருந்து பனூ இஸ்ராயீல்களை மீட்டு வரும்படி மூஸாவுக்குக் கட்டளை வந்தபோது, அந்த மக்கள் என்னை நம்பமாட்டார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அவர்கள் விசுவாசிகள், விசுவாசிகளின் பிள்ளைகள் என்று இறைவனிடமிருந்து பதில் வந்தது. ஈமான் கொண்ட ஒரு கூட்டத்தை வீணாகச் சந்தேகித்ததற்கு அடையாளமாகத்தான் கை வெளுத்தது என்கிறார்கள் அந்த ஆலிம்கள். ஒரு நபியைப் பற்றி நாம் இப்படிப் பேசமாட்டோம். அது நம் அகீதா. ஆனாலும் அவர்கள் எதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். செங்கல் சுமந்து முதுகு கூனிப்போன அடிமைகள் அவர்கள், தொழுகை நோன்பு என்று காட்ட ஒன்றும் இல்லாதவர்கள். அவர்களிடம் இப்றாஹீமின் ஈமான் ஒரு பொறியாகவாவது கிடக்கிறது, மீட்பு அந்தப் பொறியைத் தேடித்தான் வருகிறது என்பது அவர்களின் வாதம்.

காஸாவின் செய்தி வந்த நாள் முதல் யூதர் என்ற சொல்லை அரசியலுக்கு வெளியே நம்மில் யாரும் உச்சரிப்பதில்லை. அதற்கான நியாயமும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் ஒரு சமூகம் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் நாடில்லாமல் அலைந்தும் தன் எதிர்பார்ப்பை விடாமல் வைத்திருந்தது எப்படி என்று விளங்காமல், அந்த எதிர்பார்ப்பு எந்த இடத்தில் திசைமாறியது என்றும் விளங்கிக்கொள்ள ஏலாது.

இரண்டு சொற்களிலிருந்து தொடங்கலாம். ஈமானுக்கு ஹீப்ரு மொழியில் 'எமூனா' என்று பெயர். அலிப், மீம், நூன் என்ற அதே வேர்தான். நாம் சொல்லும் ஆமீனும் அவர்கள் சொல்லும் ஆமேனும் அதிலிருந்து வந்தவையே. ஒரு கொள்கை உண்மை என்று ஒப்புக்கொள்வதோடு எமூனாவின் பொருள் முடிவதில்லை. ஒருவர்மேல் உறுதியாய்ச் சாய்ந்திருப்பது, கொடுத்த சொல்லை விடாமல் பிடித்திருப்பது என்ற கருத்தே அதில் கனமானது. மீட்புக்கு அவர்கள் சொல்வது 'கெஊலா'. தௌராத்தின் சட்டத்தில் இது முதலில் காணி விவகாரம். வறுமையால் ஒருவன் தன் பரம்பரைக் காணியை விற்றால், அல்லது தன்னையே அடிமையாக விற்றுவிட்டால், நெருங்கிய இரத்த உறவினன் காசு கட்டி மீட்டுக் கொடுக்க வேண்டும். அந்த உறவினனுக்குப் பெயர் 'கோஏல்'. தமிழிலும் மீட்கிறது என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது அடகுக் கடையில் இருக்கும் நகையும் ஈடு வைத்த வயலும்தானே! ஆகவே அல்லாஹ்வை மீட்பன் என்று அவர்கள் அழைக்கும்போது, இப்றாஹீமின் குடும்பத்துக்குச் சொல் கொடுத்தவன் அந்தச் சொல்லின் பொறுப்பில் நிற்கிறான் என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. முன்னோர் இல்லாமல் அந்தச் சொல்லே நிற்காது.

தினமும் மூன்று வேளை நின்று ஓதும் அவர்களின் தொழுகையும் இப்படித்தான் தொடங்குகிறது. முதல் துஆவிலேயே இப்றாஹீம், இஸ்ஹாக், யஃகூப் மூவரின் இறைவன் என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, அந்தத் தகப்பன்மாரின் நற்செயலை அவன் மறக்காமல் இருக்கிறான், பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு ஒரு மீட்பரை அனுப்புவான் என்று ஓதுகிறார்கள். ஸலவாத்தில் இப்றாஹீமையும் அவர் குடும்பத்தையும் ஓதுகிற நமக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தெரியாது.

சரி, முன்னோருக்குக் கொடுக்கப்பட்ட சொல் எப்படிக் கைமாறி வருகிறது? இதற்கு அவர்களின் மித்ராஷ் நூல்களில் ஒரு கிழவியின் கதை உண்டு. யஃகூபின் மகன் ஆஷேர், ஆஷேரின் மகள் ஸேரஹ். மீட்பு வரும்போது இன்ன சொல்லோடுதான் வரும் என்று யஃகூப் ஓர் இரகசிய அடையாளத்தை யூசுபிடம் சொல்லிவைத்தார். யூசுப் சகோதரர்களிடம் சொன்னார், ஆஷேர் மகளிடம் சொன்னார். 'நான் உங்களை விசாரித்து வந்துவிட்டேன்' என்ற பொருளில் ஒரு வினைச்சொல் அது. அரபியில் 'தபக்கத' என்ற சொல்லின் வேரும் அதுவே. ஸுலைமான் (அலை) பறவைகளைக் கணக்கெடுத்து ஹுத்ஹுதைக் காணவில்லை என்று தேடிய இடத்தில் நாம் ஓதுகிறோமே, அதே சொல். மூஸா எகிப்துக்கு வந்து அற்புதங்களைக் காட்டியபோது மூப்பர்கள் நேரே ஸேரஹிடம் போனார்கள். அற்புதம் அவளை அசைக்கவில்லை. அவர் வாயில் அந்தச் சொல் வந்தது என்று கேட்ட பிறகுதான், இவர்தான் என்றாள்.

பிறகு யூசுபின் கபுர் எங்கே என்று காட்டியவளும் அவளே. எகிப்தை விட்டுப் புறப்படும்போது தன் உடலையும் எடுத்துப்போக வேண்டும் என்று யூசுப் வாக்கு வாங்கியிருந்தார். நம் ஹதீஸ் நூல்களிலும் இதற்கு நெருக்கமான ஒரு செய்தி வருகிறது. இப்னு ஹிப்பானும் ஹாகிமும் பதிவு செய்தது. உபசரித்த ஒரு கிராமத்து அரபியிடம் என்ன வேண்டும் என்று நபி (ஸல்) கேட்க, அவர் ஒட்டகம் கேட்டார். பனூ இஸ்ராயீலின் அந்தக் கிழவியைப் போல இவர் கேட்டிருக்கக் கூடாதா என்று நபியவர்கள் சொல்லி, அவள் கதையை விவரித்தார்கள். யூசுபின் கபுர் அவளுக்கு மட்டும்தான் தெரியும். சொர்க்கத்தில் மூஸாவோடு இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட பிறகே இடத்தைக் காட்டினாள். ஒரு சமூகத்தின் விடுதலை கடைசியில் ஒரு மூத்தம்மாவின் ஞாபகத்தில் தங்கி நிற்பதை இரண்டு மரபும் சொல்கின்றன. எனக்கு இது பெரிய விசயமாகப் படுகிறது.

இங்கே ஒரு மௌலவி நண்பர் குறுக்கிட்டார். "அப்ப வாப்பாட அமல் மகனுக்குக் காணும் என்டா சொல்றீங்க?" கேட்க வேண்டிய கேள்வி. முன்னோரைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் குர்ஆன் கண்டிக்கிறது. இப்றாஹீம் தன் சந்ததிக்கும் இமாமத் கேட்டபோது, அநியாயக்காரரை என் வாக்குறுதி சேராது என்றே பதில் வந்தது. யஃகூப் மரணத் தறுவாயில் பிள்ளைகளிடம் எதை வணங்குவீர்கள் என்று கேட்ட காட்சிக்கு அடுத்த வசனமே, அவர்கள் சென்றுபோன சமூகம், அவர்கள் சம்பாத்தியம் அவர்களுக்கு, உங்களது உங்களுக்கு என்ற கருத்தோடு வருகிறது.

இந்தச் சண்டை யூத ஆலிம்களுக்குள்ளேயும் நடந்தது. தகப்பன்மாரின் புண்ணியத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸெகூத் ஆவோத்'. ஈராக்கின் ஷ்மூவேல் அது எப்போதோ தீர்ந்துவிட்டது என்றார். பலஸ்தீனின் யோஹனான் அது இன்னும் கருணை காட்டும் என்றார். 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ரப்பேனு தாம் இரண்டையும் பிரித்துக் காட்டினார். புண்ணியம் தீர்ந்திருக்கலாம், ஆனால் தகப்பன்மாரோடு செய்த உடன்படிக்கை தீரவில்லை என்பது அவர் தீர்ப்பு. நான் படித்தவற்றில் இதுதான் ஆகத் தெளிவான விடை. வாப்பா சேர்த்த காசு செலவழிந்து போகும். வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கு, கொடுத்தவன் இருக்கும்வரை இருக்கும். மகன் பிடித்திருக்க வேண்டியது அந்த வாக்கை.

இந்தச் சிந்தனை சோதனையில் எப்படி நின்றது என்று பார்க்க யெமனுக்குப் போகலாம். 1172அளவில் அங்கே ஆட்சியிலிருந்தவர்கள் யூதரை மதம் மாறச் சொல்லி வற்புறுத்தினார்கள். அதே நேரத்தில் ஒருவன் நானே மீட்பரின் தூதன் என்று கிளம்பிக் கூட்டம் சேர்த்தான். குழம்பிப்போன அந்தச் சமூகத்தின் தலைவர் எகிப்துக்கு எழுதிக் கேட்டார். பதில் எழுதியவர் மூஸா இப்னு மைமூன். குர்துபாவில் பிறந்து, முவஹ்ஹிதூன்களின் கெடுபிடியால் ஊரை விட்டவர்; பிறகு ஸலாஹுத்தீன் ஐயூபியின் காலத்துக் கெய்ரோவில் வைத்தியராக மரியாதையோடு வாழ்ந்தவர். பதிலை எழுதியது அரபு மொழியில், ஹீப்ரு எழுத்தில். அரபுத் தமிழ் வைத்திருந்த நமக்கு அந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை. நம் மார்க்கத்தைப் பற்றிக் கசப்பான வார்த்தைகளும் அந்த நிருபத்தில் இருக்கின்றன, அதையும் மறைக்கத் தேவையில்லை.

ஸீனாய் மலையடியில் நின்றவர்களின் சந்ததி ஈமானை விட்டுவிடாது என்பது அவர் கொடுத்த முதல் தைரியம். இரண்டாவது, மீட்பு எந்த ஆண்டு வரும் என்று நட்சத்திரம் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள் என்ற எச்சரிக்கை. இப்படி எச்சரித்துவிட்டு, அதே நிருபத்தில், எங்கள் குடும்பத்தில் தகப்பனும் பாட்டனும் வழிவழியாகச் சொல்லிவந்த ஒரு கணக்கு இருக்கிறது என்று மெல்ல ஓர் ஆண்டையும் சொல்லிவிடுகிறார்! நம் கணக்கில் 1216. அந்த ஆண்டில் தீர்க்கதரிசனம் திரும்பும் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. அவர் 1204இல் இறந்துபோனார். 1216 வந்தது, போனது. எவ்வளவு பெரிய தர்க்கவாதியாக இருந்தாலும் வாப்பா சொல்லித் தந்ததைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

இப்னு மைமூனின் தம்பி தாவூத், வியாபாரத்துக்காக இந்தியாவுக்குப் புறப்பட்டு நம்முடைய இந்தச் சமுத்திரத்தில்தான் மூழ்கிப்போனார். அந்தக் கடல்வழியில் இலங்கையும் இருந்தது. ஸரந்தீபில் யூதர் திரளாக இருந்ததாக 10ஆம் நூற்றாண்டில் அபூ ஸைத் அஸ்ஸீராபி எழுதினார். இங்கிருந்த அரசனின் பதினாறு அமைச்சர்களில் நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர்கள் என்று 1154இல் அல்-இத்ரீஸி எழுதினார். அந்த யூதர்கள் பிறகு தடமில்லாமல் கரைந்தார்கள். கண்டிச் சீமையில் யூதத் தடம் தேடினால் கிடைப்பது பிந்திய காலத்தவர்கள். புசல்லாவையில் ரொத்சைல்ட் தோட்டம் என்று இன்றும் சொல்கிறோமே, அது ரொத்சைல்ட் குடும்பத்துப் பேரர்களான வோர்ம்ஸ் சகோதரர்களுடையது. 1841இல் சீனத் தேயிலைச் செடி அங்கே நடப்பட்டது. 1907இல் கண்டிக் கச்சேரிக்கு வேலைக்கு வந்த லெனார்ட் வுல்ஃபும் யூதப் பிறப்புத்தான், ஆனால் பள்ளிப் பருவத்திலேயே மத நம்பிக்கையை விட்டவர். பெயர் எஞ்சிய இடம் ஒன்று, ஆள் வந்தும் நம்பிக்கை வராத இடம் ஒன்று. முன்னோரின் சொல்லை வாயில் வைத்து வாழ்ந்த யூதரைப் பார்க்க வேண்டுமானால் கடல் தாண்டிக் கேரளத்துக்குத்தான் போக வேண்டும்.

கி.பி. 1000அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு எழுபத்திரண்டு உரிமைகளோடு செப்பேடு கொடுத்தான். வட்டெழுத்தில் பொறித்த அந்தச் செப்பேட்டில் 'அஞ்சுவண்ணம்' என்ற சொல் வருகிறது. தமிழ்நாட்டுக் கடற்கரையின் முஸ்லிம் வணிகரோடு தொடர்புபடுத்தி நம் வரலாற்றாசிரியர்கள் ஆராயும் அதே அஞ்சுவண்ணம். நாமும் அவர்களும் ஒரே பெயரின் கீழ் சரக்கு இறக்கியவர்கள். கொடுங்கல்லூர் அவர்களுக்கு இரண்டாவது எருசலேம் மாதிரி. அதையும் இழந்தார்கள். 1524அளவில் அங்கே யூதரைத் தாக்கி விரட்டியதில் மலபார் முஸ்லிம்களுக்குப் பங்குண்டு. அதை எழுதிவைத்தவரும் நம்மவரே, துஹ்பதுல் முஜாஹிதீன் எழுதிய ஸைனுத்தீன் மக்தூம். பிறகு கொச்சி ராஜா அடைக்கலம் கொடுத்தார். 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் மட்டாஞ்சேரியில் அரண்மனைக்கு ஒட்டியே நிற்கிறது.

அங்கே ஸேரஹின் வேலையைச் செய்தவர்கள் பெண்கள். யூதப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுகள் பாடி, கைப்பிரதிக் கொப்பிகளில் எழுதி, உம்மாவிடமிருந்து மகளுக்கு என்று கொடுத்துவந்தார்கள். நபிமார் கதைகள், கலியாணப் பாட்டுகள், ஊர் ஜெபாலயம் கட்டிய கதை, எருசலேம் திரும்பும் ஆசை எல்லாம் அவற்றில் இருந்தன. நம் மூத்தம்மாமார் மாலைப் பாட்டுகளை மனனமாக வைத்திருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஹீப்ரு துஆவில் ஆண்கள் ஓதியதை அடுப்படி மொழியில் பிள்ளைக்குள் இறக்கியது அந்தப் பாட்டுகள்தான். அவற்றில் ஒரு தொகுதி 2005இல் எருசலேமில் அச்சாகியிருக்கிறது.

1948க்குப் பிறகு அந்தப் பாட்டு நிஜமாகிவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். ஏறக்குறைய 2,500 பேர் இருந்த சமூகத்தில் பெரும்பாலானோர் 1950களின் நடுப்பகுதிக்குள் புறப்பட்டார்கள். யாரும் விரட்டாமல், அயலவர் கண்ணீரோடு வழியனுப்பிவைத்த புறப்பாடு. சொத்தை விற்றுவிட்டுக் காத்திருந்தவர்களை யானைக்கால் நோய்ப் பயத்தைக் காட்டி இஸ்ரேலிய அதிகாரிகள் வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். போய்ச் சேர்ந்தவர்களை எல்லைகளிலும் பாலைவனத்திலும் விவசாயக் குடியிருப்புகளில் வைத்தார்கள். நெகேவ் பாலையில் நெவாதிம் ஒன்று. லெபனான் எல்லையில் யுவால் இன்னொன்று. யுவால் எழுந்தது 1948இல் ஆளில்லாமல் ஆக்கப்பட்ட ஆபில் அல்-கம்ஹ் என்ற பலஸ்தீனக் கிராமத்தின் நிலத்தில். கொடுங்கல்லூரை இழந்த ஞாபகத்தைப் பாட்டில் சுமந்தவர்களை, ஊரை இழந்த இன்னொரு சமூகத்தின் மண்ணில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த ஆண்டு 7 இலட்சத்துக்கு மேற்பட்ட பலஸ்தீனர் வீடிழந்தார்கள். வீட்டுத் திறப்பை அவர்கள் இன்றும் வைத்திருக்கிறார்கள். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுக் காணி உறுதியைச் சுருட்டி வைத்திருந்த நம் சகோதரர்களைத் தெரிந்தவருக்கு அந்தத் திறப்பின் பாரம் தெரியும்.

இதை யூத சிந்தனையின் இயல்பான முடிவு என்று சொல்வது சரியில்லை என்பது என் எண்ணம். தல்மூத்தின் 'கெதுபோத்' பகுதியில் மூன்று சத்தியங்கள் வருகின்றன. கூட்டமாகத் திரண்டு பலத்தால் அந்த நாட்டுக்கு ஏறிப்போகக் கூடாது, மற்றச் சமூகங்களுக்கு எதிராகக் கிளம்பக் கூடாது என்ற இரண்டும் யூதர் மீது. யூதரை அளவுமீறி ஒடுக்கக் கூடாது என்ற மூன்றாவது மற்றச் சமூகங்கள் மீது. இதை ஆதாரமாக வைத்தே ஸத்மார் சமூகத்தின் ரப்பி யோவேல் தைத்தெல்பாம், ஹங்கேரியில் நாஸிகளிடமிருந்து தப்பி வந்தவராக இருந்தும், இஸ்ரேல் அரசைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ரப்பி ஆப்ரஹாம் குக் போன்றவர்கள் மறுபக்கம் நின்றார்கள். மண்ணில் நடக்கும் குடியேற்றமே மீட்பின் விடியல் என்றார்கள். இரண்டு தரப்பும் ஓதியது ஒரே துஆவை. மீட்பனின் வேலையை நாமே கையில் எடுக்கலாமா என்ற கேள்வியில்தான் பிரிந்தார்கள். பிற்காலத்தில் ஓங்கி ஒலித்தது குக்கின் வழிவந்தவர்களின் குரல்.

இந்தக் கதையில் என் மனதைவிட்டுப் போகாத இடம் திருச்சூர்ப் பக்கத்து மாளா. அங்கிருந்த யூதர்கள் புறப்படும்போது, 1955இல், ஜெபாலயத்தையும் மையவாடியையும் ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்து, பேணிக்கொள்ளும்படி ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மூஸா எகிப்தை விட்டபோது யூசுபின் உடலைச் சுமந்துகொண்டு போனார். மாளாக்காரருக்கு அது முடியவில்லை. தலைமுறை தலைமுறையாய்த் துஆவைச் சொல்லித் தந்த தகப்பன்மாரையும் பாட்டுக் கொப்பி எழுதிய மூத்தம்மாமாரையும் அந்த மண்ணில், இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வாழும் ஊரின் பொறுப்பில் விட்டுவிட்டே புறப்பட்டுப் போனார்கள்.